இருபத்துமூன்றாம் நம்பர் கல்

இது நடந்த கதை. ஒரு எழுத்துகூடக் கூட்டவில்லை, ஒரு புள்ளிகூடக் குறைக்கவில்லை. என்ன, கேட்கிறவர்களுக்குக் கொட்டாவி வந்துவிடக் கூடாதே என்று அங்கங்கே கொஞ்சம் இழுப்பு இருக்கும். பூச்சு வேலைக்காரன் கதை சொன்னால் சுவர் அரை அங்குலம் தடித்துத்தான் போகும். இழுத்த இடத்தை அங்கேயே சொல்லிவிட்டால் பாவம் பாதியாகக் குறையும் என்று ஒரு நம்பிக்கை.

கதையில் வருகிறவர் ஒரு கொத்தனார். யார் அவர் என்று கேட்டு மானத்தை வாங்க வேண்டாம். இந்த முன்னறையில் உட்கார்ந்திருப்பது நான்கு பேர், அதில் பூச்சுக் கரணை பிடித்த கை ஒன்றுதான். 'நான்' என்று சொன்னால் நாக்கு கூசும். 'அவர்' என்று சொன்னால் ஆசைதீரத் திட்டலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். கேட்கிறவர்கள் மூன்று பேர். ஒன்று, அவருடைய வீட்டுக்காரி. இரண்டு, வீட்டுக்காரியின் தம்பி, அதாவது கொத்தனாரின் மச்சினன். மூன்று, மச்சினனுக்கு ஆறுதல் சொல்கிறேன் என்று வந்து, சாப்பிட்டும் முடித்துவிட்ட சிமெண்ட் கடை முதலாளி.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, மணி இரண்டு. மச்சினனின் நீச்சல் கண்ணாடியும் கால் துடுப்பும் பைக்குள் போய்விட்டன. பை கதவோரம் இருக்கிறது. நாளைக் காலையில் அதை அவனுக்கு வேலை கொடுத்த மேடத்திடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அவன் இடத்தில் வேறொருவன் கடலுக்குள் இறங்குவான். அவன் மறுபடி படகில் ஏறுவானா மாட்டானா என்பதுதான் இந்தக் கதையின் முடிச்சு. முடிச்சைப் போட்ட ஆளே அவிழ்க்க வந்திருக்கிறார், பொறுமையாகக் கேளுங்கள்.

கொத்தனாருக்குப் பள்ளிக்கூடம் ஒத்துவரவில்லை. வாத்தியார் கரும்பலகையைக் காட்டினால், இவர் அதற்குப் பின்னால் சுவரில் பூச்சு உதிர்ந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். மூன்றாம் வகுப்போடு படிப்பு அவரைக் கைவிட்டதா, அவர் படிப்பைக் கைவிட்டாரா என்று இன்று வரைக்கும் தீர்ப்பு வரவில்லை. ஆனால் கரணை கைக்கு வந்ததும் கதையே மாறியது. சுவர் பூசினார் என்றால் கண்ணாடி தோற்கும். அவர் பூசிய சுவரில் ஏறப் போன ஒரு பல்லி மூன்று முறை சறுக்கி விழுந்து, மனம் வெறுத்துப் பக்கத்து வீட்டுக்குக் குடிபோனது. இது இழுப்பு. இரண்டு முறைதான் விழுந்தது.

ஒரு வீட்டில் குளியலறைத் தரை போட்டுக் கொடுத்தார். சிமெண்ட் பால் ஊற்றி, தேய்த்து, மறுபடி ஊற்றி, மறுபடி தேய்த்து, நிலா அதில் முகம் பார்க்கிற அளவுக்கு. வீட்டுக்காரர் முதல் நாள் குளிக்கப் போனார். வாசலில் கால் வைத்தவர் குழாயடியில்தான் போய் நின்றார், நடுவில் நடந்ததாக அவருக்கு ஞாபகமே இல்லை. மறுநாள் கொத்தனார் போய்ப் பார்த்தால் தரை முழுக்கச் சாக்கு விரித்திருந்தது. வேறொருவராக இருந்தால் வெட்கப்பட்டிருப்பார். இவர் சாக்கின் ஒரு மூலையைத் தூக்கி, தன் தரையைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டு, திரும்ப மூடிவிட்டு வந்தார்.

அப்படித்தான் 'பளபளா' என்று பேர் வந்தது. அவர் தலையைப் பார்த்து வைத்த பேர் என்றும் ஒரு கட்சி இருக்கிறது. அந்தத் தலையை இத்தனை வருஷமாகத் தேய்த்தது யார் என்ற விவரம் வீட்டுக்காரிக்குத் தெரியும்.

போன வருஷம் சிமெண்ட் கடை முதலாளி ஒரு அம்மாவை வேலை நடக்கிற இடத்துக்கே கூட்டிவந்தார். கடலடியில் செத்துப்போன பவளப்பாறையைத் திரும்ப வளர்க்கிற வேலையாம், அதற்கு அவர்தான் பெரியவர். எல்லோரும் 'மேடம்' என்றார்கள், கொத்தனாரும் 'மேடம்' என்றார். பவளம் என்றால் மோதிரத்தில் வைக்கிற சிவப்புக் கல் என்றுதான் அவருக்குத் தெரியும். எத்தனை அடி தோண்டினால் கிடைக்கும் என்று விசாரித்தார். மேடம் சிரிக்கவில்லை. அதற்காகவே கொத்தனாருக்கு அவர் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

பாறை என்று பேச்சுக்குச் சொல்கிறோமே தவிர அது உயிர் என்று மேடம் விளக்கினார். கடுகத்தனை உயிர்கள், கோடிக்கணக்கில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, தங்களுக்குத் தாங்களே சுண்ணாம்பில் வீடு கட்டிக்கொண்டு வாழ்கின்றன. மூன்று வருஷத்துக்கு முன்னால் கோடையில் கடல் தண்ணீர் சூடேறி, அத்தனையும் வெளுத்துப்போய்ச் செத்துவிட்டது. பிழைத்தது கொஞ்சம்தான். அதிலிருந்து விரல் நீளத் துண்டு வெட்டி, சிமெண்ட் கல்லில் நட்டுக் கடலடியில் வைத்தால், அது வளர்ந்து கிளைவிட்டு, மீனெல்லாம் திரும்பி வரும். அதற்கு நாற்பது கல் வேண்டும். மூன்று கால் முக்காலி போல, மேலே ஒரு தட்டு, தட்டில் ஆறு குழி, குழிக்கு ஒரு துண்டு. நாற்பதும் நன்றாக வந்தால், பிறகு அந்தக் கரை முழுவதற்கும் அவரே செய்யலாம்.

சுண்ணாம்பில் வீடு கட்டுகிறது என்று கேட்டதுமே, நம்ம ஜாதிதான் போலிருக்கிறது, அதுவும் கொத்தனார்தான் என்று இவருக்கு ஒரு பாசம் வந்தது. கொத்தனாருக்குக் கொத்தனார் செய்யும் வேலை, குறை வைக்கக் கூடாது. நாற்பதையும் வைரம் போல இழைத்துத் தருகிறேன் என்றார். அங்கேதான் மேடம் குண்டைத் தூக்கிப் போட்டார். இழைக்கக் கூடாதாம். மேல் பக்கம், கால், குழியின் உள்பக்கம் எல்லாம் சொரசொரவென்று இருக்க வேண்டுமாம். ஈரத்திலேயே கிளிஞ்சல் துண்டுகளை அழுத்தி, அரைகுறையாகக் காய்ந்ததும் கம்பி பிரஷ்ஷால் கீறிவிட வேண்டுமாம்.

"மேடம், அப்படி விடறதுக்குப் பேரு வேலையை முடிக்காம விடறது," என்றார் கொத்தனார்.

"ஆமா. நீங்க முடிக்காம விடுங்க. மீதியை அது முடிச்சுக்கும்."

இருபது வருஷம் சமைத்தவளைப் பார்த்து உப்புப் போடாமல் இறக்கு என்று சொன்னது போல இருந்தது அவருக்கு. ஆனால் வேலை வேலைதானே. படகுத்துறைக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஷெட்டில் ஆரம்பித்தார். தகர அச்சில் வார்ப்பது, கிளிஞ்சல் அழுத்துவது, மூன்று மணி நேரம் கழித்துக் கம்பி பிரஷ்ஷை எடுப்பது, கண்ணை மூடிக்கொள்வது, கீறுவது. ஒவ்வொரு கீறலும் அவர் முதுகில் விழுந்தது. கீறி முடித்த கற்கள் வெயிலில் வரிசையாக நிற்கும்போது, முகச்சவரம் பாதியில் நின்றுபோன ஆட்கள் பட்டாளமாக வந்து நிற்பது போல இருக்கும். யாரும் பார்த்துவிடக் கூடாது என்று வேலிப்பக்கம் ஒரு பழைய படுதாவைக் கட்டினார்.

இருபத்திரண்டு கல் முடிந்த அன்று படுதா காற்றில் விலகியது. அந்த வழியாக வேறொரு கொத்தனார் சைக்கிளில் போனார். இவருக்கும் அவருக்கும் முப்பது வருஷத்துப் போட்டி. சைக்கிளை நிறுத்தி, கல் வரிசையை ஒரு பார்வை பார்த்து, "என்ன பளபளா, கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சா? டாக்டரைப் பாரு," என்று ரொம்பக் கரிசனமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். கரிசனத்தைத் தாங்க முடியவில்லை.

மேடம் அன்று மதியம் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார். இருபத்துமூன்றாம் கல் அச்சிலிருந்து அப்போதுதான் வெளியே வந்திருந்தது. கொத்தனார் கம்பி பிரஷ்ஷைக் கையில் எடுத்தார், கீழே வைத்தார், கரணையை எடுத்தார். ஒரே ஒரு தடவை தேய்ப்போம், கை நடுங்குகிறதா என்று பார்க்கத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கை நடுங்கவில்லை. அது உறுதியானதும் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அவர் பளபளா இல்லையே. சிமெண்ட் பால் கரைத்தார். தட்டைத் தேய்த்தார். மூன்று காலையும் தேய்த்தார். ஆறு குழிக்குள்ளும் விரலைச் சுழற்றிச் சுழற்றி வெண்ணெய் மாதிரி ஆக்கினார். ஒன்றரை மணி நேரம் போனதே தெரியவில்லை. முடித்துவிட்டு நான்கு அடி தள்ளி நின்று பார்த்தபோது அவருக்குக் கண் கலங்கியது. இதில் இழுப்பு இல்லை, உண்மையிலேயே கலங்கியது, வெட்கங்கெட்ட மனுஷனுக்கு.

அப்புறம்தான் பயம் வந்தது. மேடம் பார்த்தால் தொலைந்தோம். சேற்றுக் குழம்பு கொஞ்சம் கலக்கி மேலே தடவி, மணலும் கிளிஞ்சல் தூளும் தூவிவிட்டார். தூரத்திலிருந்து பார்த்தால் மற்றதைப் போலவே இருந்தது. மறுநாள் மேடம் தூரத்திலிருந்துதான் பார்த்தார். சிவப்பு மையில் 23 என்று எழுதினார். மீதிப் பதினேழையும் கொத்தனார் ஒழுங்காகக் கீறி முடித்தார், பிரஷ் தேய்கிற வரைக்கும். குற்றம் செய்தவன் சுறுசுறுப்பு வேறு மாதிரி இருக்கும்.

இங்கே மச்சினனைப் பற்றி நான்கு வார்த்தை சொல்ல வேண்டும். தரையில் நின்று செய்கிற வேலை எதுவும் அவனுக்கு மூன்று மாசத்துக்கு மேல் ஒட்டியதில்லை. பூக்கடை, செல்போன் ரிப்பேர், லாரியில் கிளீனர் என்று அவன் பார்த்த வேலைகளைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு டீ குடித்துவிடலாம். முப்பது வயதுக்கு மேல் இனி எங்கே உருப்படப் போகிறான் என்று கொத்தனாரே நூறு முறை சொல்லியிருக்கிறார். அவனைத்தான் மேடம் மூச்சடக்கி முக்குளிக்கிற வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். கற்கள் கடலில் இறங்கின. அவன் கீழே போய், ஒவ்வொரு குழியிலும் சிமெண்ட் பசை வைத்து, பவளத் துண்டை நட்டு, கம்பியால் கட்டிவிட்டு மேலே வருவான். தண்ணீருக்குள் போனதும் அவன் வேறு ஆளாகிவிட்டான். அவசரம் கிடையாது, சலிப்பு கிடையாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, இன்றைக்கு ஒரு ஊதா நிறம் பார்த்தேன் அக்கா, அதற்குப் பேரே இல்லை என்பான். அக்காக்காரி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்பாள். தம்பி ஒரு வேலையைப் பற்றி இரண்டாவது மாசமும் பேசுகிறான் என்பதே அவளுக்குத் திருவிழா.

கொத்தனாருக்கோ ஒரே ஒரு கேள்விதான் தொண்டையில் நிற்கும். இருபத்துமூன்று எப்படி இருக்கிறது? கேட்க முடியாதே. எல்லாக் கல்லும் நன்றாக இருக்கிறதா என்று பொதுவாகக் கேட்பார். மச்சினன், ஒன்று மட்டும் படுத்துகிறது மாமா என்பான். அதில் நட்ட ஆறும் ஒரு மாசத்துக்குள் கழன்று விழுந்துவிட்டன. இரண்டாம் தடவை நட்டான், விழுந்தன. மூன்றாம் தடவை கூடுதல் கம்பி சுற்றினான். நான்காம் தடவை, ஒரே நாளில் ஏழு முறை முக்குளித்தான். எதுவும் நிற்கவில்லை.

இருபத்துநான்கு துண்டு போய்விட்டது. மேடத்தின் கணக்கில் அது சின்ன விஷயம் இல்லை. சூட்டில் சாகாமல் பிழைத்ததே ஒரு கைப்பிடி. அதிலிருந்து ஒரு துண்டு வெட்டும்போதெல்லாம், பிழைத்துக் கிடக்கிறவளிடம் போய் விரலைக் கொடு என்று கேட்கிற மாதிரி என்று அவர் சொல்வார். போன வியாழக்கிழமை ஷெட்டில் வைத்து மச்சினனைக் கேட்டார். ஒரே கல்லில் நான்கு தடவை ஏன் நழுவுகிறது, கட்டுகிற கை அவசரப்படுகிறதா என்று. மச்சினன் தலையைக் குனிந்துகொண்டு, என் கட்டு சரிதான் என்று மட்டும் சொன்னான்.

மேடம் கொத்தனாரைப் பார்த்தார். கொத்தனார் அப்போது அங்கேதான் நின்றுகொண்டிருந்தார், கையில் டீ டம்ளரோடு. சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தாலே போதும். திறக்கவும் செய்தார்.

"என் கல்லுல குறை இருக்காது மேடம். முப்பது வருஷம் பூசின கை."

அவ்வளவுதான். திங்கட்கிழமையிலிருந்து வேறு ஆள் இறங்கட்டும் என்று மேடம் சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். கொத்தனார் டீ டம்ளரில் மீதி இருந்ததை வேலியோரம் கொட்டிவிட்டு வந்தார்.

மறுநாள், வெள்ளிக்கிழமை, கொத்தனார் மேடத்திடம் போய், என் கல்லை நானே ஒரு தடவை பார்க்கணும் என்றார். மேடம் ஐந்து மாசமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்தான். ஆனால் கொத்தனாருக்குத் தண்ணீர் என்றால் வாளிக்கு மேல் பயம். அவரைக் கடலில் இறக்குவதற்கு ஒரு கப்பலே தன் வேலையை நிறுத்திவிட்டு வந்தது. இழுப்பு. நான்கு பேர். இடுப்பில் ஒரு லாரி டியூப், டியூபில் ஒரு கயிறு, முகத்தில் கண்ணாடி, வாயில் மூச்சுக் குழாய். கண்ணாடி தலையில் நிற்காமல் வழுக்கி வழுக்கி வந்தது, பிடித்துக்கொள்ள அங்கே ஒரு முடி இருந்தால்தானே. டியூபைப் பிடித்து இழுத்துக்கொண்டு நீந்தியவன் யார் என்று நினைக்கிறீர்கள்? மச்சினன்தான். அவன் வேலைக்கு உலை வைத்த மனுஷனை, அவனே கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு போனான்.

கொத்தனார் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தார். முதல் ஒரு நிமிஷம் ஒரே இருட்டு, ஏனென்றால் கண்ணை மூடியிருந்தார். மச்சினன் முதுகில் தட்டினான். திறந்தார்.

பெயிண்ட் கடையில் ஷேட் கார்டு என்று ஒரு அட்டை கொடுப்பார்கள். ஆயிரம் நிறம் இருக்கும். ஜனங்கள் மூன்று நாள் புரட்டிவிட்டு, கடைசியில் வெள்ளையே அடித்துவிடு என்பார்கள். அந்த அட்டையை யாரோ கடலில் தவறவிட்டு, அது வேர்விட்டுக் கிளைவிட்டு நின்றது போல இருந்தது. பிழைத்த பவளம் அது. மான்கொம்பு போல ஒன்று, உடம்பெல்லாம் தேன் நிறம், நுனி மட்டும் ஊதா, அந்த ஊதாவின் நுனியில் ஒரு பொட்டு வெள்ளை. அந்த வெள்ளைதான் இன்றைக்கு வளர்கிற இடம் என்று மேடம் சொல்லியிருந்தார். அதற்கப்பால் மூளையை எடுத்து வெளியே வைத்தது போல ஒரு உருண்டை, பச்சையும் பழுப்புமாக மடிப்பு மடிப்பாக. அதற்குக் கீழே இலை இலையாக அடுக்கிய ஒரு மஞ்சள். வெயில் தண்ணீருக்குள் இறங்கி, எல்லாவற்றின் மேலும் ஒரு வலையை விரித்து ஆட்டிக்கொண்டிருந்தது. நீலமாக ஒரு நூறு பொடி மீன், யாரோ சுவிட்சைப் போட்டு அணைக்கிற மாதிரி, ஒரே நொடியில் கிளைக்குள் மறைந்து ஒரே நொடியில் வெளியே வந்தது. ஒரு பச்சைக் கிளிமீன் செத்த பாறையைக் கறுக் கறுக்கென்று கொறித்தது. அந்தச் சத்தம் காதில் கேட்டது, கொத்தனாருக்குப் பழக்கமான சத்தம், உளி போடுகிற சத்தம்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? மனசுக்குள் ரசமட்டத்தை எடுத்து ஒவ்வொன்றின் மேலும் வைத்துப் பார்த்தார். புத்தி எங்கே போகும். ஒரு இடத்தில்கூட மட்டம் இல்லை. தூக்குக்குண்டு விட ஒரு நேர்கோடு இல்லை. வழவழப்பு என்று கை வைக்க ஒரு விரற்கடை இல்லை. இடித்துவிட்டுத் திரும்பக் கட்டச் சொல்லலாம் என்று பார்த்தால், குறை சொல்வதற்கும் ஒரு இடம் இல்லை.

பிறகு அவருடைய கற்கள் வந்தன. யாரும் பார்க்கக் கூடாது என்று படுதா கட்டி மறைத்தாரே, அந்தச் சவரம் செய்யாத பட்டாளம். விரல் நீளம் வைத்தது ஒரு முழம் வளர்ந்திருந்தது. சரி, ஒரு சாண். சரி, அரைச் சாண், அதற்குக் கீழே இறங்க முடியாது. ஒவ்வொரு துண்டும் அடியில் மெழுகு போலப் பரவி, கம்பி பிரஷ் கீறின கீறலுக்குள்ளெல்லாம் இறங்கி, கிளிஞ்சல் துண்டைச் சுற்றி வளைத்து, தன்னைத்தானே கல்லோடு சேர்த்துப் பூசிக்கொண்டிருந்தது. விளிம்பு எங்கே முடிகிறது, கல் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. முப்பது வருஷத்தில் அப்படி ஒரு பூச்சை அவர் பூசினதில்லை. ஒரு கல்லின் காலுக்கு இடையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மீன் குஞ்சு வெளியே தலை நீட்டி இவரைப் பார்த்துவிட்டு, கடன்காரனைப் பார்த்த மாதிரி உள்ளே போய்விட்டது.

மச்சினன் ஒவ்வொன்றாகக் கையைக் காட்டிக்கொண்டே இழுத்துப் போனான். ஓரிடத்தில் மட்டும் சுற்றி வளைத்துப் போனான். கொத்தனார் தலையைத் திருப்பிப் பார்த்தார்.

இருபத்துமூன்று. பளபளவென்று நிற்கும் என்று நினைத்திருந்தார். சேற்றுப் பூச்சு கரைந்துபோய், கல் மேல் பச்சையாக வழுக்குப் பாசி படிந்திருந்தது. ஆறு குழியும் பல் விழுந்த வாய் மாதிரி. கீழே மணலில் உதிர்ந்த துண்டுகள், நிறமெல்லாம் போய், எலும்பு போல வெள்ளையாக. ஒரு மீனும் பக்கத்தில் வரவில்லை. அதைச் சுற்றி முப்பத்தொன்பது கல்லும் கல்யாண வீடு மாதிரி இருக்க, இது மட்டும் வாடகைக்கு விடப்படும் என்று போர்டு மாட்டிய வீடு மாதிரி நின்றது. வாழ்க்கையில் முதல் தடவையாக, தான் பூசின ஒன்றைப் பார்த்து அசிங்கமாக இருக்கிறது என்று கொத்தனாருக்குத் தோன்றியது. அங்கேயே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். வாயில் இருந்தது மூச்சுக் குழாய். அரைக் கடல் உள்ளே போனது. நான்கு பேர் சேர்ந்து படகில் தூக்கிப் போட்டு முதுகில் குத்தினார்கள். அவ்வளவு குத்தியும் உண்மை மட்டும் வெளியே வரவில்லை.

நேற்று ஒரு நாள் பூராவும் முயற்சி செய்தார். காலையில் பல் தேய்க்கும்போது ஒரு தடவை, மதியம் சாப்பாட்டில் ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் மச்சினன் முகத்தைப் பார்த்ததும் வேறு எதையாவது கேட்டுவிடுவார். உப்பு இருக்கிறதா, மழை வருமா. அதனால்தான் இன்றைக்குக் கதையாகச் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தார். கதை முடிந்தது. இருபத்துமூன்றைக் கெடுத்தது அந்தப் பளபளாதான். மாப்ளே, உன் கட்டு சரி. கல்லுதான் தப்பு.

அதற்குப் பிறகு இந்த அறையில் நடந்ததையும் 'அவர்' என்றே சொல்லிவிடலாம், நாக்கு இன்னும் கூசுகிறது. வீட்டுக்காரி புருஷனை ஒரு பார்வை பார்த்தாள், அதில் சிமெண்ட் பூச்சே உதிர்ந்திருக்கும். மச்சினன் கதவோரப் பையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னான்.

"எனக்குத் தெரியும் மாமா."

என்ன தெரியும் என்று கேட்டாள் அக்கா.

"முதல் தடவை குழிக்குள்ள விரலை விட்டப்பவே தெரியும். இந்தக் கரை பூராவும் தேடினாலும் இப்படிப் பூச ஒரே கைதானே இருக்கு."

"தெரிஞ்சுமாடா நாலு தடவை கட்டினே?"

"எப்படியாவது நிக்க வச்சிடலாம்னு பார்த்தேன். மாமா பேரு கெடக் கூடாதுன்னு."

கொத்தனாருக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. அவரே போட்ட தரை, பிளக்காது. எழுந்து ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்தார். மேடம் ஞாயிற்றுக்கிழமையும் ஷெட்டில்தான் இருப்பார், நான்கு மணிக்குப் பூட்டிவிடுவார், இப்போதே போய்ச் சொல்லிவிடுகிறேன், வேலை போனால் என் வேலை போகட்டும் என்றார். யாராவது தோளில் தட்டுவார்கள் என்று எதிர்பார்த்தார். யாரும் அவர் பக்கமே திரும்பவில்லை. வீட்டுக்காரி தம்பியிடம் பாய்ந்துவிட்டாள். மாமா பேரைக் காப்பாற்ற இருபத்துநான்கு உயிரைக் காவு கொடுப்பாயா, வாய் இல்லாத ஜீவன் என்றால் அவ்வளவு இளக்காரமா, இவராவது புத்தி இல்லாமல் செய்தார், நீ புத்தியோடு செய்திருக்கிறாயே என்று. தம்பி, வீட்டு மானத்தை நடுக்கடலில் கொண்டுபோய் விற்கச் சொல்கிறாயா என்று எழுந்து நின்றான். முதலாளி நடுவில் புகுந்து, மாமனும் மச்சானும் கூட்டுச் சேர்ந்து மேடத்தை ஏமாற்றியிருக்கிறீர்கள், ஆளைச் சிபாரிசு செய்தவன் நான், நான் எந்த முகத்தோடு கடையைத் திறப்பது என்றார்.

"நீங்க பேசாதீங்க அண்ணே," என்றாள் வீட்டுக்காரி. "பளபளா கை பட்டா சிமெண்டே சிரிக்கும்னு வாரத்துக்கு ஒரு தடவை இவரை உசுப்பேத்தி விட்டது யாரு?"

முதலாளி, அது வியாபாரப் பேச்சு என்றார். வியாபாரமா என்று அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். கொத்தனார் வாசலில் நின்று, நேரம் ஆகிறது என்றார். மச்சினன், நீங்கள் தனியாகப் போக வேண்டாம் மாமா, நீங்கள் போனால் கதை சொல்வீர்கள், நான் வந்து நேராகச் சொல்கிறேன் என்றான். மறைத்து வைத்தவன் சொன்னால் அந்த அம்மா நம்புவாரா, நான்தான் சொல்வேன் என்றாள் அக்கா. மேடத்தை இவரிடம் கூட்டிக்கொண்டு வந்தவன் நான், முதலில் நான்தான் பேச வேண்டும் என்று முதலாளி செருப்பைத் தேடினார்.

"யாரும் பேச வேணாம்," என்றான் மச்சினன். குரல் உயர்ந்துவிட்டது. "அந்தக் கல்லை நானே தூக்கிட்டு வந்து, நானே கொத்தி, திருப்பி வைக்கிறேன். அதுக்கப்புறம் பேசுங்க."

"நீ கொத்துவியா? உளியை எந்தப் பக்கம் பிடிக்கணும்னு தெரியுமாடா உனக்கு?" என்றார் கொத்தனார்.

"அந்தக் கல்லைத் தொடறதுக்கு முன்னாடி என்னைக் கேக்கணும்," என்றார் முதலாளி. "சிமெண்ட் என் கடைச் சிமெண்ட்."